நடை வேகத்தை அளந்து கூட்டுவது எப்படி?

தினமும் பத்தாயிரம் அடி எண்ணுகிறவர்கள்கூட அந்த அடிகளை எவ்வளவு வேகமாக வைக்கிறோம் என்று பார்ப்பதில்லை. வயது ஏற ஏற, தசையின் பலத்தைவிட அந்தப் பலத்தைச் சட்டென்று காட்டும் திறன்தான் விரைவாகக் குறைகிறது. வேகமாகச் சுருங்கும் தசைநார்கள் மெலிவது ஒரு முக்கியக் காரணம். கால் இடறினால் மறுகாலை உடனே ஊன்றி விழாமல் நிற்க அந்த நார்கள்தான் வேண்டும்.

முதலில் அளந்துவிடுங்கள். மொட்டைமாடியில் டேப் வைத்து 0, 1, 5, 6 மீட்டரில் சாக்பீஸ் கோடு போடுங்கள். முதல் மீட்டர் வேகம் பிடிக்க, கடைசி மீட்டர் நிற்க. நடுவிலுள்ள 4 மீட்டருக்கு மட்டும் இன்னொருவர் செல்போனில் நேரம் பார்க்கட்டும். கடைக்குப் போகும் வழக்கமான நடைதான் வேண்டும். யாராவது பார்த்தால் நடை தானாக வேகம் கூடிவிடும். அதனால் ஒருமுறை சும்மா நடந்துவிட்டுப் பிறகு இருமுறை அளந்து, குறைந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 4 விநாடி என்றால் விநாடிக்கு 1 மீட்டர். தசைநலிவுக்கான (வயதாகும்போது தசையும் பலமும் குறைவது) ஆசியப் பணிக்குழு 2019இல் வகுத்த வரையறைப்படி, முதியவர்களில் அதற்குக் கீழே போனால் மெதுவான நடை.

வேகத்தைக் கூட்ட, ஜப்பானின் ஷின்ஷூ பல்கலைக்கழகத்தில் உருவான முறை எளிது: 3 நிமிடம் வேகம், 3 நிமிடம் மெதுவாக, இப்படி ஐந்து சுற்று, வாரம் 4 நாள். வேகச் சுற்றில் 15 விநாடிக்கு 25 அடியாவது விழ வேண்டும். இரண்டு வார்த்தை பேச முடியும், பாட முடியாது என்ற அளவு மூச்சு வாங்கினால் சரி. பலரும் வேகம் என்றதும் காலை எட்டிப் போடுகிறார்கள். குதிகால் உடலுக்கு வெகு முன்னே விழுந்தால் அதுவே பிரேக், முழங்காலும் வலிக்கும். அடியைச் சற்றுக் குறுக்கி, முழங்கையை மடக்கிக் கையை வேகமாக வீசுங்கள், கால் தானாகத் தொடரும்.

நடை மட்டும் போதாது. வாரம் 2 நாள் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு (பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும்), கைகளை மார்பில் கட்டி, ஒரே விநாடியில் எழுந்து, மூன்று எண்ணி உட்காருங்கள். 8 முறை, இரண்டு சுற்று. தொப்பென்று விழுந்தால் பாதிப் பயன் போய்விடும். எழும்போது மூச்சை விடுங்கள்; அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும்.

நெஞ்சுவலி, தலைசுற்றல், அண்மையில் அறுவை சிகிச்சை என்றால் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது.

எட்டு வாரம் கழித்து அதே கோட்டில், அதே செருப்போடு மறுபடி அளங்கள். 5 விநாடி 4.4 ஆனால் விநாடிக்கு 0.1 மீட்டர் கூடியிருக்கிறது. அது நல்ல முன்னேற்றம்.