ஆட்காட்டிக் குஞ்சு, கொக்குக் குஞ்சு: டர்பன் பக்கம் படமெடுப்பது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் சுற்றுவட்டாரத்தில் குஞ்சுகளோடு படமெடுக்க எளிதாகக் கிடைக்கும் பறவைகள் இரண்டு. பள்ளி மைதானத்திலும் கிரிக்கெட் திடல் ஓரத்திலும் முட்டையிடும் பிளாக்ஸ்மித் ஆட்காட்டி ஒன்று. தண்ணீரோர மரங்களில் கூட்டமாய்க் கூடு கட்டும் உண்ணிக்கொக்கு இன்னொன்று. இரண்டையும் ஒரே முறையில் எடுக்கப் போனால் கை வெறுமையாகத்தான் திரும்பும்.

ஆட்காட்டி தரையில் சிறு குழி பறித்து மூன்று நான்கு முட்டை இடும். எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகவே பொரியும். இறகு காய்ந்த சில மணி நேரத்தில் குஞ்சுகள் எழுந்து நடந்துவிடும். ‘கூட்டில் குஞ்சு’ படத்துக்கு அந்த ஒரு பொழுதுதான் உண்டு. அதற்காகத் தினமும் குழியருகே போய் எட்டிப் பார்த்தால் நம் நடமாட்டத்தைக் காகம் கவனிக்கும். நம் வாசனைத் தடத்தைக் கீரி பிடித்துக்கொண்டு வரும். அந்தப் படத்தை விட்டுவிடுங்கள். குஞ்சு பறக்க ஏறக்குறைய நாற்பது நாள் ஆகும். நல்ல படங்கள் அந்த நாட்களில்தான் இருக்கின்றன.

பருவம், ஆடிக் கஞ்சி தொடங்கிப் புரட்டாசி முடியும்வரை. காரே சிறந்த மறைவிடம்: பறவை காருக்கு அஞ்சாது, அதிலிருந்து இறங்கும் ஆளுக்கு அஞ்சும். நாற்பது மீட்டர் தள்ளி நிறுத்தி, எஞ்சினை அணைத்து, அரிசி நிரப்பிய பையை ஜன்னல் விளிம்பில் வைத்து லென்ஸைக் கிடத்துங்கள். 500 மி.மீ. லென்ஸ், அல்லது 400 உடன் அதை 1.4 மடங்கு நீட்டும் கன்வெர்ட்டர் போதும்.

பிறகு கேமராவைத் தொடாமல் தாயையும் தந்தையையும் பாருங்கள். இரண்டும் குஞ்சுகளைக் காக்கும். ‘டிங் டிங்’ என்று உலோகம் தட்டுவதுபோல் விடாமல் கத்தினாலோ, தலையை மேலும் கீழும் ஆட்டினாலோ, நாம் மிக அருகில் இருக்கிறோம். பத்து நிமிடத்தில் அவை குஞ்சை அணைக்கத் திரும்பாவிட்டால் காரைப் பின்னால் எடுங்கள். சின்னக் குஞ்சால் உடல்சூட்டைக் காத்துக்கொள்ள முடியாது: விடியலில் குளிர் கொல்லும், நண்பகலில் வெயில் கொல்லும்.

தரையோடு ஒட்டிப் படுத்து கேமராவையே முறைக்கும் குஞ்சின் படத்துக்குப் பாராட்டு குவியும். ஆனால் அது பயந்துபோன குஞ்சு. தாய் அபாயக் குரல் கொடுத்ததும் அப்படித்தான் உறையும். இயல்பான நடத்தை வேறு: தானாகப் பூச்சி கொத்துவது, குட்டைச் சிறகை நீட்டிச் சோம்பல் முறிப்பது, தாயின் வயிற்றுக்கடியில் நுழைந்து கால்கள் மட்டும் வெளியே தெரிவது. பெரிய பறவை மெல்லக் குந்தி, வயிற்று இறகை உப்பினால் குஞ்சு ஓடிவரப் போகிறது. ஷட்டர் வேகத்தை 1/1600 நொடிக்கு முன்கூட்டியே ஏற்றிவையுங்கள். நின்று மேயும்போது 1/500 போதும். வெள்ளை நெற்றி வெளிறிப் போகாதிருக்க கேமராவின் ஒளியளவை (எக்ஸ்போஷர்) 0.7 ஸ்டாப் குறையுங்கள். கண்ணைத் தேடும் ஃபோகஸ் முன்னிருக்கும் புல்லைப் பிடித்தால் ஒற்றைப் புள்ளிக்கு மாறுங்கள். வெயில் ஏறியதும் தரைமேல் காற்று நெளியும். அப்போது எந்த விலை லென்ஸிலும் படம் மங்கும். மூட்டை கட்டவேண்டியதுதான்.

கொக்குக் குஞ்சுகள் வாரக்கணக்கில் கூட்டிலேயே இருக்கும். அவற்றுக்குக் காலம் அக்டோபருக்குப் பிறகு, மழை மாதங்கள். முதல் முட்டையிலிருந்தே அடைகாப்பதால் மூத்ததும் இளையதும் அளவில் வேறுபடும்; மூத்தது இளையதைக் கொத்தும், சிலசமயம் இளையது சாகும். தலையிடாதீர்கள்.

மரத்தடிக்கு ஒருபோதும் போகக்கூடாது. மிரண்ட குஞ்சு தின்றதைக் கக்கும், கிளைக்குத் தாவித் தவறி விழும். விழுந்ததைத் தாய் கீழே வந்து ஊட்டாது. தண்ணீருக்கு அக்கரையிலிருந்து, கூட்டின் மட்டத்துக்குக் கரை உயர்ந்த இடத்தில் ட்ரைபாட் வையுங்கள். ஊட்டும்போது குஞ்சு தாயின் அலகைக் குறுக்கே கவ்வி இழுக்கும்: இரண்டு தலையும் தெளிவாக விழ லென்ஸ் திறப்பு எஃப் 8, ஷட்டர் 1/1250. மேகமூட்டமான நாள்தான் வெள்ளை இறகுக்கு நல்லது. ஃப்ளாஷ் வேண்டாம்.

கடற்கரை மணலில் முட்டையிடும் பறவைகளைத் தேடி நடக்கவே வேண்டாம். முட்டை மணலோடு மணலாக இருக்கும், மிதித்த பிறகுதான் தெரியும். 2001இல் கடற்கரையில் பொழுதுபோக்குக்கு வண்டி ஓட்டத் தடை வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

வாட்ஸ்அப் குழுவில் போடுமுன் படத்திலுள்ள இடக்குறிப்பை நீக்குங்கள். பின்னணியில் கோல்கம்பமோ பள்ளிச் சுவரோ தெரிந்தால் வெட்டிவிடுங்கள், உள்ளூர்க்காரருக்கு அதுவே முகவரி.