பிள்ளையின் முதல் போன்: கையில் கொடுக்கும் முன் செய்யவேண்டியவை

அனேக வீடுகளில் அம்மாவோ அப்பாவோ பாவித்த பழைய போன்தான், அதிலுள்ள கூகுள் கணக்கோடு சேர்த்துப் பிள்ளைக்குப் போகிறது. பிழை அங்கேயே தொடங்கிவிடும். கணக்கு பெரியவருடையது என்றால் பிளே ஸ்டோரும் யூடியூப்பும் பெரியவருக்குக் காட்டுவதையே பிள்ளைக்கும் காட்டும். அதனால் முதலில் கணக்கைச் சரிசெய்யுங்கள், பூட்டுகளைப் பிறகு பார்க்கலாம்.

இங்கே சொல்வது ஆண்ட்ராய்டு போனுக்கு, பிள்ளையின் போனைப் பெற்றோர் கண்காணிக்க உதவும் கூகுளின் இலவசச் செயலியான ஃபெமிலி லிங்க் வழியாக. ஐபோன் என்றால் இதே வேலையை ஃபெமிலி ஷேரிங்கும் ஸ்க்ரீன் டைமும் செய்யும்.

போனைப் பாருங்கள்

ஆண்ட்ராய்டு 7 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு வேண்டும். கூகுள் சேவைகள் இல்லாமல் வரும் புதிய ஹுவாவி போன்களை ஃபெமிலி லிங்கால் கண்காணிக்க முடியாது. கொழும்பில் புறக்கோட்டையிலோ பம்பலப்பிட்டியிலோ வாங்குவதாக இருந்தால், காசு கொடுக்கும் முன் *#06# அழுத்தி, ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக உள்ள 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ எண்ணை எடுங்கள். ஐ.எம்.ஈ.ஐ என்பதை ஆங்கில எழுத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 1909க்கு எஸ்.எம்.எஸ் அனுப்பினால், இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் போன் பதிவாகியுள்ளதா என்று பதில் வரும்.

1. பழைய கணக்கை எடுத்துவிட்டு ரீசெட் செய்யுங்கள்

இந்த ஒழுங்கு முக்கியம். முதலில் செட்டிங்ஸில் பழைய கூகுள் கணக்கை நீக்குங்கள், பிறகு ஃபேக்டரி ரீசெட் (போனிலுள்ள எல்லாவற்றையும் அழித்துப் புதிதுபோல ஆக்குவது). கணக்கை நீக்காமல் பொத்தான்களை அழுத்தி ரீசெட் செய்தால், போன் மறுபடி எழும்பும்போது பழைய சொந்தக்காரரின் கடவுச்சொல்லைக் கேட்டு நின்றுவிடும். பாவித்த போன் வாங்கினால், விற்பவரே உங்கள் முன்னால் கணக்கை நீக்கட்டும்.

2. பிள்ளைக்குத் தனிக் கணக்கு

உங்கள் போனில் ஃபெமிலி லிங்க் போட்டு, அதிலிருந்தே பிள்ளையின் கணக்கைத் திறவுங்கள். பிறந்த திகதியை உண்மையாகக் கொடுங்கள். தொல்லை வேண்டாம் என்று 18 வயது என்று போட்டால் கூகுள் அதைப் பெரியவர் கணக்காக எடுத்துக்கொள்ளும், கண்காணிப்பு ஏறாது. மின்னஞ்சல் முகவரியில் முழுப்பெயரும் பிறந்த ஆண்டும் வேண்டாம்.

3. பிள்ளையின் போனில் நுழைதல்

ரீசெட் செய்த போனில் முதல் கணக்காகப் பிள்ளையின் கணக்கையே போடுங்கள். சம்மதத்துக்கு உங்கள் கடவுச்சொல்லைக் கேட்கும். பிள்ளை பார்க்காதபடி நீங்களே தட்டுங்கள். உங்கள் போனைத் திறக்கும் பின் (PIN) நம்பரும் பிள்ளைக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் உங்கள் போனிலேயே ஃபெமிலி லிங்கைத் திறந்து தனக்குத் தானே அனுமதி கொடுக்கும். இந்தப் பூட்டு உடைவது பெரும்பாலும் இந்த வழியால்தான்.

4. கட்டுப்பாடுகள்

பிளே ஸ்டோரில் எல்லாப் பதிவிறக்கத்துக்கும் உங்கள் அனுமதி வேண்டும் என்று வையுங்கள். ஏற்கெனவே உள்ள செயலிகளுக்கும் அப்டேட்டுகளுக்கும் அனுமதி கேட்காது, எனவே போனோடு வந்த செயலிகளை ஒருதடவை பார்த்து வேண்டாதவற்றைத் தடுங்கள். குரோம் தவிர்ந்த மற்ற பிரவுசர்களைக் கட்டாயம் தடுக்கவேண்டும், ஏனென்றால் ஃபெமிலி லிங்கின் இணையத்தள வடிகட்டல் குரோமுக்கு மட்டும்தான். யூடியூப்பில் 9 வயதிலிருந்து 'எக்ஸ்ப்ளோர்' நிலை போதும். அதற்குக் குறைந்த வயதென்றால் யூடியூப் கிட்ஸ்.

நேர எல்லையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். தரம் 6 பிள்ளைக்குப் பாடசாலை நாளில் ஒரு மணிநேரம், இரவு 8.30க்குப் பிறகு டவுன்டைம் (போன் பூட்டியிருக்கும் நேரம்) என்பது நல்ல தொடக்கம். ஆனால் ரியூஷன் ஸூமில் நடந்தால் அந்த ஒரு மணிநேரம் வகுப்பிலேயே தீர்ந்து, பாடத்தின் நடுவில் போன் பூட்டிக்கொள்ளும். ஸூமையும் போன் அழைப்புச் செயலியையும் 'எப்போதும் அனுமதி' பட்டியலில் சேருங்கள். எல்லை கேமுக்கும் வீடியோவுக்கும் மட்டும் போய்ச் சேரட்டும்.

5. வட்ஸ்அப்

ஃபெமிலி லிங்க் வட்ஸ்அப்புக்குள் எட்டிப் பார்க்காது. செயலியைத் தடுக்கலாம், நேரம் குறைக்கலாம், அவ்வளவுதான். அதன் குறைந்த வயது 13. அதற்குக் கீழ் என்றால் வகுப்புக் குழு உங்கள் நம்பரிலேயே இருக்கட்டும், டியூட்டை (பயிற்சித் தாளை) நீங்கள் எடுத்துக் கொடுங்கள். பத்து நிமிட வேலைதான், மனம் சலிக்காமல் செய்யுங்கள்.

13 தாண்டிய பிள்ளைக்கு வட்ஸ்அப்பின் பிரைவசி பகுதியில் புரொஃபைல் படம், லாஸ்ட் சீன், குழுவில் சேர்ப்பவர் மூன்றையும் 'என் தொடர்புகள்' என்று மாற்றுங்கள். தெரியாத அழைப்புகளை சைலன்ஸ் செய்யுங்கள். இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டு மின்னஞ்சல் இடத்தில் உங்களுடையதைக் கொடுங்கள். எஸ்.எம்.எஸ்ஸில் வரும் 6 இலக்க வட்ஸ்அப் சரிபார்ப்பு எண்ணை ரீச்சர் கேட்டாலும் சொல்லக்கூடாது என்பதைப் பிள்ளைக்கு வாயால் சொல்லியே ஆகவேண்டும், அதற்கு அமைப்பு எதுவும் கிடையாது. யாராவது படம் கேட்டோ மிரட்டியோ தொல்லை தந்தால் 1929, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம். அதையும் போனில் சேமித்து வையுங்கள்.

6. சிம்மும் வைஃபையும்

பிரீபெய்ட் சிம் நல்லது. ரீலோட் காசு சும்மா குறைந்துகொண்டே போனால், ஏதோ கட்டணச் சேவை பதிவாகியிருக்கிறதா என்று வாடிக்கையாளர் சேவையிடம் கேட்டு நிறுத்துங்கள். வீட்டு ரவுட்டரில் டி.என்.எஸ் (இணையத்தளத்தின் பெயரைக் கொண்டு அதன் முகவரியைத் தேடித்தரும் சேவை) மாற்ற வழியிருந்தால் 1.1.1.3, 1.0.0.3 என்று போடுங்கள். இவை கிளவுட்ஃபிளேர் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் குடும்ப வடிகட்டிகள், ஆபாசத் தளங்களை மறிக்கும். மொபைல் டேட்டாவுக்கு மாறியதும் இது வேலை செய்யாது.

சோதனை

பிள்ளையை அருகில் இருத்தி அதன் போனில் ஒரு கேமைப் பதிவிறக்கிப் பாருங்கள். உங்கள் போனுக்கு அனுமதிக் கோரிக்கை வரவேண்டும். நீங்கள் மாற்றிய எல்லை ஏறவில்லை என்றால் பிள்ளையின் போனில் டேட்டா இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இணையம் இல்லாத போனுக்குப் புதிய கட்டளை போகாது. இருப்பிடம் பழையதாகவே காட்டினாலும் முதலில் டேட்டாவையும் லொகேஷனையும், அடுத்து பேட்டரி சேமிப்பையும் பாருங்கள்.

பரீட்சை முடிந்த நாளில் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டால் 'போனஸ் டைம்' கொடுங்கள், அது அன்றைக்கு மட்டும். தினசரி எல்லையைக் கூட்டிவிட்டால் திரும்பக் குறைக்கும்போது வீட்டில் சண்டைதான்.