அவுட்போர்டு மோட்டாரில் படகின் ஸ்டியரிங்கை இணைப்பது எப்படி

படகின் பின்பலகையில் வெளிப்புறமாக மாட்டும் அவுட்போர்டு மோட்டார் பொருத்திய படகுக்குத் தனிச் சுக்கான் கிடையாது. மோட்டாரே இடமும் வலமும் திரும்பி, புரொப்பல்லர் தள்ளும் திசையை மாற்றிப் படகைத் திருப்புகிறது. எனவே ஸ்டியரிங் சக்கரத்துக்கும் மோட்டாருக்கும் இடையிலான இணைப்பு அறுந்துவிட்டால் படகைத் திருப்ப வேறு வழி இருக்காது. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு: படகு வேகமாக ஓடும்போது இணைப்பு கழன்றால், புரொப்பல்லரின் சுழற்சி விசையே மோட்டாரை ஒரு பக்கமாகத் திருப்பிவிடும், படகு குறுகிய வட்டத்தில் சட்டெனச் சுழன்று, உள்ளே இருப்பவர்களை நீரில் தூக்கி எறியும். சக்கரம், அதன் பின்னால் உள்ள ஹெல்ம் பெட்டி, நீண்ட கேபிள் ஆகிய எல்லாமே சரியாக இருந்தாலும், கடைசி ஓர் அடிக்குள் இருக்கும் இரண்டு மூட்டுகளில்தான் இந்தப் பொறுப்பு முழுவதும் தங்கியிருக்கிறது. அதனால் இந்தக் கட்டுரையில் அந்த ஓர் அடிக்கே அதிக இடம் தந்திருக்கிறேன்.

பாகங்களும் பொருத்தமும்

கேபிள் வகை ஸ்டியரிங்கில் சக்கரத்தின் பின்னால் இருக்கும் ஹெல்ம் என்னும் பல்சக்கரப் பெட்டி, கேபிளின் உள்தண்டைத் தள்ளவும் இழுக்கவும் செய்கிறது. கேபிளின் மறுமுனையில் துருப்பிடிக்காத எஃகால் ஆன ஒரு தண்டு இருக்கும். அது மோட்டாரின் டில்ட் டியூபுக்குள் நுழைந்து மறுபுறம் வெளிவரும். மோட்டாரை மேலே தூக்கும்போது அச்சாக நின்று சுழல விடும் குழாய்தான் டில்ட் டியூப். வெளிவந்த தண்டின் நுனியையும் மோட்டாரின் முன்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டியரிங் கரத்தையும் ஓர் இணைப்புக் கம்பி சேர்க்கிறது. இதை லிங்க் ராட் என்பார்கள்.

பெரும்பாலான மோட்டார்களில் டில்ட் டியூபின் உள்விட்டம் 5/8 அங்குலம், அதாவது ஏறத்தாழ 16 மில்லிமீட்டர். வெளி மரை 7/8 அங்குலத்தில், அங்குலத்துக்கு 14 சுற்று. ஸ்டியரிங் கரத்தின் துளை பெரும்பாலும் 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. கேபிள் தண்டு நகரும் தூரம் ஏறத்தாழ 9 அங்குலம். வெவ்வேறு நிறுவனங்களின் கேபிளும் மோட்டாரும் ஒன்றோடொன்று பொருந்துவது இந்தப் பொது அளவுகளால்தான். ஆனால் லிங்க் ராட் அப்படிப்பட்டதன்று. அதன் நீளமும் வளைவும் மோட்டாருக்கு மோட்டார் மாறும் என்பதால், உங்கள் மோட்டார் மாதிரிக்கென்று குறிப்பிடப்பட்டதையே வாங்க வேண்டும். கிடைத்த கம்பியை வளைத்துப் பொருத்துவதையும், துளையிட்ட பட்டையை வைத்து ஒப்பேற்றுவதையும் எந்த நிலையிலும் நான் ஏற்க மாட்டேன்.

ஹெல்மின் மீது எழுதியிருக்கும் அதிகபட்சக் குதிரைத்திறன், மோட்டாரின் குதிரைத்திறனுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 150 குதிரைத்திறனுக்கு மேல் போனால் பொதுவாக ஹைட்ராலிக் ஸ்டியரிங்கையே தேர்ந்தெடுக்கிறார்கள். இயந்திர வகை ஸ்டியரிங்குக்கு ஐ.எஸ்.ஓ. 8848, ஹைட்ராலிக் வகைக்கு ஐ.எஸ்.ஓ. 10592 ஆகிய தரநிலைகள் இருக்கின்றன. வாங்கும் தொகுப்பில் அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. டில்ட் டியூபே இல்லாத சிறிய மோட்டார்களும், கைப்பிடியால் திருப்பும் மோட்டார்களும் உண்டு. அவற்றுக்குக் கேபிளைத் தாங்கும் தனிப் பிடிப்பானும் ஸ்டியரிங் கரமும் அடங்கிய தொகுப்பை மோட்டார் நிறுவனத்திடமே கேட்டு வாங்க வேண்டும்.

கேபிளின் நீளம்

சக்கரத்தின் நடுவிலிருந்து படகின் பக்கச்சுவர் வரை ஓர் அளவு, அங்கிருந்து பக்கச்சுவரை ஒட்டியே பின்பலகை வரை ஓர் அளவு, பின்பலகையின் ஓரத்திலிருந்து மோட்டாரின் நடுக்கோடு வரை ஓர் அளவு என மூன்றையும் எடுத்துக் கூட்டுங்கள். வழியில் வரும் ஒவ்வொரு 90 பாகை வளைவுக்கும் 4 அங்குலம் கழியுங்கள். ஹெல்மின் வகையைப் பொறுத்து எத்தனை அங்குலம் கூட்ட வேண்டும் என்பது தயாரிப்பாளரின் அட்டவணையில் இருக்கும்; அதையும் சேர்த்து, வரும் விடையை அடுத்த முழு அடிக்கு உயர்த்திக்கொள்ளுங்கள். கேபிள்கள் ஓரடி இடைவெளியில்தான் விற்கப்படுகின்றன. பழைய கேபிளை மாற்றுபவர்கள் அதன் உறை மீது அச்சிடப்பட்ட எண்ணை முதலில் தேடிப் பார்க்கலாம்.

எந்த வளைவும் 8 அங்குல ஆரத்துக்குக் குறையக் கூடாது. வளைவு இறுகினால் உள்தண்டு உறையோடு உரசும். சக்கரம் முதல் நாளிலேயே கனக்கும். அந்தக் கனம் நாளாக நாளாகக் கூடுமே தவிர குறையாது.

ஹெல்மைப் பொருத்துதல்

இது எளிய வேலை. டேஷ்போர்டில் தொகுப்போடு வரும் அச்சுத்தாளை ஒட்டித் துளையிட்டு, ஹெல்மைப் பின்னாலிருந்து முடுக்கிக் கேபிளை அதில் சொருகுங்கள். பூட்டும் ஊசியோ நட்டோ முழுமையாக அமர்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த வேலைக்குச் செல்லுங்கள். சக்கரத்தின் தண்டு கூம்பு வடிவில் இருக்கும். சக்கரம் தண்டின் மீது நழுவாமல் பிடிக்கும் சிறு துண்டான கீயை மறக்காமல் வைத்து நட்டை இறுக்க வேண்டும். சுழல் வகை ஹெல்ம்கள் பலவற்றில் கேபிளை மேற்புறத்திலோ கீழ்ப்புறத்திலோ செருக இடம் இருக்கிறது. எதில் செருகுகிறோமோ அதற்கேற்ப இயக்கத்தின் திசை மாறும் என்பது பின்னால் முக்கியமாகும்.

டில்ட் டியூப்

புதிய கேபிள் போட்டும் ஸ்டியரிங் கனமாக இருக்கிறது என்று வரும் குறைகளில் பல, இந்தக் குழாயைச் சுத்தம் செய்யாததால் வருபவை. பழைய கிரீஸ் உப்புநீரோடு சேர்ந்து பசையாகவும், பிறகு கல்லாகவும் இறுகிவிடுகிறது. பொருத்தமான பிரஷை உள்ளே விட்டுத் தேய்த்து, துணி சுற்றிய குச்சியைத் துணி கறைபடாமல் வெளிவரும் வரை மீண்டும் மீண்டும் செலுத்துங்கள். பிறகு புதிய கேபிளின் தண்டை வெறுங்கையால் உள்ளே தள்ளிப் பாருங்கள். எங்கும் தடைபடாமல் வழுக்கிச் செல்ல வேண்டும். சுத்தியலால் தட்டித்தான் உள்ளே போகிறது என்றால் குழாய் இன்னும் சுத்தமாகவில்லை, அல்லது தண்டு வளைந்திருக்கிறது.

தண்டு முழுவதும் கடல்நீரைத் தாங்கும் கிரீஸைத் தடவி உள்ளே செலுத்தி, கேபிளின் பெரிய நட்டைக் குழாயின் மரையில் முதலில் கையாலேயே முறுக்குங்கள். மரை சரியாகப் பிடித்துவிட்டதை விரல் உணர்ந்த பிறகே ஸ்பேனரை எடுக்க வேண்டும். இந்த நட்டுக்குச் சில மோட்டார் கையேடுகள் 47 நியூட்டன்-மீட்டர் அளவில் இறுக்கம் சொல்கின்றன. உங்கள் கையேடு சொல்லும் எண்ணையே பின்பற்றுங்கள். ஒன்றை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்: தண்டை நேராக உள்ளே செலுத்த, மோட்டாரின் பக்கத்தில் தண்டின் நீளத்துக்கு இடம் வேண்டும். பின்பலகை குறுகலாக இருந்தால், மோட்டாரைப் பின்பலகையில் இறுதியாகப் பூட்டுவதற்கு முன்பே கேபிளைச் செருகிவிடுவது பெரும் அலைச்சலைத் தவிர்க்கும்.

குழாயில் கிரீஸ் ஏற்றும் நிப்பிள் இருந்தால், சக்கரத்தைத் திருப்பித் தண்டை முழுவதும் குழாய்க்குள் இழுத்துக்கொண்ட பிறகே கிரீஸ் ஏற்ற வேண்டும். தண்டு நீண்டிருக்கும்போது ஏற்றினால், அது திரும்பி வரும் பாதையில் கிரீஸ் அடைத்துக்கொள்ளும். அழுத்தினால் சுருங்காத பொருள் என்பதால் அது தண்டை நகரவிடாமல் பூட்டிவிடும். ஸ்டியரிங் திடீரென இறுகும்.

லிங்க் ராடின் இரண்டு மூட்டுகள்

முதலில் மோட்டாரை நேராக நிறுத்தி, சக்கரத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை சுற்றி எண்ணி, அதன் நடுவில் வையுங்கள். அப்போது கேபிள் தண்டும் தன் பயணத்தின் பாதியில் நிற்கும். இந்த நிலையில் லிங்க் ராடின் இரு துளைகளும் கரத்தோடும் தண்டோடும் தாமாகவே நேர்ப்பட வேண்டும். இழுத்துப் பிடித்தால்தான் சேருகிறது என்றால் ராட் தவறானது, அல்லது நடுநிலை தவறானது.

மோட்டார் கரத்தோடு சேரும் மூட்டில், தொகுப்போடு வந்த தனி போல்ட்டைக் கரத்தின் மரையில் முறுக்கி இறுக்கிவிட்டு, அதன் மீது லாக் நட்டை இட்டு இறுக்குவது பல மோட்டார்களில் உள்ள முறை. போல்ட்டுக்கும் நட்டுக்கும் தனித்தனியே 27 நியூட்டன்-மீட்டர் என்று சொல்லும் கையேடுகள் உண்டு. போல்ட்டை முதலில் இறுக்காமல் நட்டை மட்டும் இறுக்கினால், மரைக்குள் இருக்கும் ஆட்டம் அப்படியே தங்கிவிடும். இங்கே இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கட்டாயம், கைக்கணக்கு போதாது.

கேபிள் தண்டோடு சேரும் மூட்டுக்கு முறை வேறு. அந்த மூட்டு மோட்டார் திரும்பும்போதெல்லாம் சற்றே சுழல வேண்டியது என்பதால், லாக் நட்டைப் பரப்பில் படியும் வரை இறுக்கி, பிறகு கால் சுற்றுத் தளர்த்த வேண்டும். கையால் ராடைப் பிடித்து அசைத்தால் அது தடையின்றிச் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. வாஷர்களும் இடைவளையங்களும் தொகுப்பின் படத்தில் காட்டியபடி, காட்டிய வரிசையில் இருக்க வேண்டும். ஒரு வாஷர் மிஞ்சினால் அதைப் பெட்டியில் போட்டு வைக்காமல், எங்கே விடுபட்டது என்று கண்டுபிடியுங்கள்.

இரண்டு மூட்டிலும் நைலான் வளையம் பதித்த லாக் நட்டுகளையே பயன்படுத்த வேண்டும். சாதாரண நட்டோ, அதற்கு அடியில் ஸ்பிரிங் வாஷரோ இதற்கு மாற்றாகாது. மோட்டாரின் ஓயாத அதிர்வில் அவை கழன்றுவிடும். ஒருமுறை கழற்றிய லாக் நட்டைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். நைலான் தேய்ந்த நட்டு விரலாலேயே போல்ட்டில் ஓடும். அப்படி ஓடும் நட்டுக்கு அதிர்வைத் தாங்கும் வலு இல்லை.

மோட்டாரில் திருப்பு உராய்வைக் கூட்டும் திருகோ நெம்புகோலோ இருந்தால் அதை முழுவதும் தளர்த்திவிடுங்கள். அது கைப்பிடியால் ஓட்டுபவருக்காக வைத்தது. கேபிள் இணைத்த பிறகும் இறுகியே இருந்தால், அந்த எதிர்ப்பு முழுவதையும் கேபிளும் ஹெல்மும் சுமக்க நேரிடும்.

ஹைட்ராலிக் ஸ்டியரிங் என்றால்

கேபிளுக்குப் பதிலாக, ஹெல்மில் உள்ள பம்ப் இரண்டு ஹோஸ்கள் வழியே ஆயிலை மோட்டாரின் முன்னுள்ள சிலிண்டருக்குத் தள்ளுகிறது. சிலிண்டரின் தாங்குதண்டு டில்ட் டியூபுக்குள் செல்வதால், சுத்தம் செய்வது குறித்து மேலே சொன்ன அனைத்தும் இதற்கும் பொருந்தும். ஓ-ரிங் உள்ள இணைப்புகளிலும் அழுத்து வளைய இணைப்புகளிலும் டெஃப்லான் டேப் சுற்றக் கூடாது. பிய்ந்த துணுக்கு ஒன்று வால்வுக்குள் போனால் போதும், ஸ்டியரிங் பிடிப்பை இழக்கும். தயாரிப்பாளர் சொல்லும் ஹைட்ராலிக் ஆயிலை மட்டுமே ஊற்ற வேண்டும். பிரேக் ஆயில் சீல்களை அரித்துவிடும்.

காற்றை வெளியேற்ற இருவர் வேண்டும். ஒருவர் சக்கரத்தை ஒரே திசையில் கோடி வரை சுற்ற, மற்றவர் கையேடு சுட்டும் பக்கத்தின் பிளீடர் என்னும் காற்று வெளியேற்றும் திருகைத் திறந்து, குமிழி இல்லாத ஆயில் வரும் வரை சுற்றலைத் தொடரச் சொல்லிப் பிறகு மூட வேண்டும். அதேபோல் எதிர்த் திசையிலும் செய்ய வேண்டும். இடையில் ஹெல்மில் உள்ள ஆயில் ஒருமுறை வற்றினாலும் காற்று மீண்டும் புகுந்து, வேலை முதலிலிருந்து தொடங்கும்.

நீரில் இறக்குவதற்கு முன்

சக்கரத்தை வலப்பக்கம் திருப்புங்கள். படகின் பின்னால் நின்று, படகின் முன்முனையான அணியத்தைப் பார்த்தபடி மோட்டாரைக் கவனியுங்கள். புரொப்பல்லர் இருக்கும் பகுதி வலப்பக்கமாகவும், முன்னுள்ள ஸ்டியரிங் கரம் இடப்பக்கமாகவும் நகர வேண்டும். மாறி நகர்ந்தால், கேபிள் வகையில் ஹெல்மின் மறு வாயிலில் கேபிளைச் செருக வேண்டும். ஹைட்ராலிக்கில் இரண்டு ஹோஸ்களையும் இடம் மாற்ற வேண்டும். திசை தலைகீழாக இருக்கும் படகை, பழகிக்கொள்ளலாம் என்று எண்ணி ஓட்டத் துணிய வேண்டாம். நெருக்கடியில் கை பழைய பழக்கத்துக்கே திரும்பும்.

அடுத்து, மோட்டார் இருபுறமும் ஒரே அளவு திரும்புகிறதா என்று பாருங்கள். பொதுவாக ஒவ்வொரு புறமும் 30 முதல் 35 பாகை வரை திரும்பும். பிறகு மோட்டாரை முழுவதும் மேலே தூக்கி ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்புங்கள். பாதி தூக்கிய நிலையிலும் இதையே செய்யுங்கள். கேபிளோ ஹோஸோ பின்பலகையில் மோதுகிறதா, எரிபொருள் குழாயும் மின்கம்பிகளும் இழுபடுகின்றனவா என்பது மோட்டார் கீழே இருக்கும்போது தெரியவே தெரியாது.

நீரில் முதல் ஓட்டத்தை, இன்ஜினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றை உடலில் மாட்டிக்கொண்டு, திறந்த வெளியில் மெதுவான வேகத்தில் தொடங்குங்கள். வேகம் கூடும்போது சக்கரம் ஒரு பக்கமாக இழுத்தால், புரொப்பல்லருக்கு மேலே உள்ள சிறிய டிரிம் டேபைச் சரிசெய்ய வேண்டும். படகு எந்தப் பக்கம் எளிதாகத் திரும்புகிறதோ அந்தப் பக்கமாக டேபின் பின்விளிம்பைச் சிறிது திருப்பி, மீண்டும் ஓட்டிப் பாருங்கள். கரைக்கு வந்தவுடன் இரண்டு மூட்டுகளையும் டில்ட் டியூப் நட்டையும் மறுபடி சோதியுங்கள். படகை நெடுநாள் நிறுத்தி வைப்பதாக இருந்தால், தண்டு டில்ட் டியூபுக்குள் முழுவதும் அடங்கும்படி மோட்டாரைத் திருப்பி வைத்துவிட்டுச் செல்லுங்கள். வெளியே நீட்டிக்கொண்டு உப்புக்காற்றில் கிடக்கும் தண்டில்தான் அரிப்பு முதலில் பிடிக்கிறது.