17-ஆம் நூற்றாண்டு ஆங்கில ஓக் பெட்டியைச் சோதிப்பது எப்படி

1600-களில் இங்கிலாந்தில் செய்த ஓக் பெட்டி என்று ஒன்று விலைக்கு வந்தால், எல்லோர் கண்ணும் முதலில் போவது முகப்பில் செதுக்கியிருக்கும் பூவேலைக்குத்தான். அதைக் கடைசியாகப் பாருங்கள். வேலைப்பாடில்லாத பழைய பெட்டியை வாங்கி, புதிதாகச் செதுக்கி, கருஞ்சாயம் ஏற்றி விற்கும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டில் பரவலாக இருந்தது. செதுக்கலை எந்தக் காலத்திலும் சேர்த்துவிடலாம். பெட்டியைக் கூட்டிய முறையை அப்படி எளிதில் மாற்ற முடியாது. சோதனைக்கு ஒரு டார்ச், ஒரு உருப்பெருக்கி, மில்லிமீட்டர் அளக்கும் வெர்னியர் அளவி போதும்.

முதலில் எந்த வகை என்று பிரித்துக்கொள்ளுங்கள். பலகைகளை ஆணி அடித்துச் சேர்த்தது ஒரு வகை. ஒரு சட்டத்தின் முனையில் நாக்கு போலச் செதுக்கிய கழுந்தை மறு சட்டத்தின் துளையில் மாட்டி, நடுவில் பலகை பொருத்தியது இன்னொரு வகை. இரண்டையும் செய்தவர்களே வேறு வேறு ஆட்கள். யார் எதைச் செய்வது என்று தச்சர்களுக்கும் நுண்தச்சர்களுக்கும் இடையே இருந்த வழக்கை 1632-ல் லண்டன் நகர ஆட்சியின் ஆல்டர்மென் மன்றம் தீர்த்தபோது, சட்டம் மாட்டியோ பசை போட்டோ செய்யும் பெட்டிகள் ‘ஜாயினர்’ எனப்பட்ட நுண்தச்சர்களுக்கே உரியவை என்று முடிவானது. இங்கே சொல்வது அந்த இரண்டாம் வகைக்கு.

மூடியைத் திறந்து உட்புறத்தைப் பாருங்கள். மெழுகோ சாயமோ படாத மரம் வறண்டு, சாம்பல் கலந்த பழுப்பில் இருக்க வேண்டும். உள்ளேயும் வெளியேயும் ஒரே கருநிறம் என்றால் யாரோ சாயம் பூசியிருக்கிறார்கள்.

அடுத்து மர ஆணிகள். நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். குத்துச்சட்டத்தில் ஆணிக்கான துளை போட்டு, கழுந்தை நுழைத்துக் குறி வைத்து, வெளியே எடுத்து, கழுந்தின் ஆணித்துளையை மட்டும் அதன் தோள் (கழுந்து தொடங்கும் அடிப்பகுதி) பக்கமாக ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தள்ளிப் போடுவார்கள். பிறகு முனை கூரான ஓக் ஆணியை அடித்தால், அது வளைந்து நுழைந்து கழுந்தை உள்ளே இழுத்து இறுக்கிவிடும். பசை தேவையில்லை. ஆணியைப் பிளந்தெடுத்து உளியால் சீவியதால் அதன் தலை சரியான வட்டமாக இருக்காது. பல முகம் கொண்டிருக்கும். வெளிப்பக்கம் நறுக்கியிருப்பார்கள், உட்பக்கக் கூர்முனையை அப்படியே விட்டிருப்பார்கள். விரல் நுனியை ஆணியின் தலைமேல் ஓட்டுங்கள். செய்த நாளில் சட்டம் ஈரம் காயாத பச்சை மரம். காயக் காயத் தடிமன் குறையும். ஆணியோ நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை. அதனால் தலை கொஞ்சம் எம்பி விரலில் தட்டும். எல்லா ஆணிகளும் உருண்டையாக, ஒரே அளவில், சட்டத்தோடு வழித்தாற்போல் சமமாக இருந்தால் அவை இயந்திரத்தில் கடைந்தவை. ஆணி விழுந்துபோன துளைக்குள் டார்ச் அடித்தால், கழுந்தின் துளை விலகியிருப்பது பிறை போலத் தெரியும்.

பலகையின் பின்புறத்துக்கு வாருங்கள். நல்ல பெட்டியில் பலகையை ரம்பத்தால் அறுத்திருக்க மாட்டார்கள். அடிமரத்தை மையத்திலிருந்து பட்டையை நோக்கி, கேக்கை வெட்டுவது போல, ஆப்பு வைத்துப் பிளந்திருப்பார்கள். அதனால் ஒரு ஓரம் தடித்தும் மறு ஓரம் மெலிந்தும் இருக்கும். அளவியை வைத்தால் தெரிந்துவிடும். முகப்பில் வெள்ளி போல மின்னும் கதிர் வரிகளும் (மரத்தின் மையத்திலிருந்து பட்டை நோக்கி ஓடுபவை) இந்தப் பிளப்பால் வருபவைதான். ஓக் வளையத்தின் போக்கில் சுருங்கும் அளவு, கதிரின் போக்கில் சுருங்குவதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவே இப்படிப் பிளந்த பலகை குறைவாகவே சுருங்கும், வளையவும் வளையாது. பின்புறத்தில் வட்ட ரம்பத்தின் வில் போன்ற கீறல்கள் இருந்தால் அந்தப் பலகை 17-ஆம் நூற்றாண்டுடையது அல்ல.

பலகை காடிக்குள் (சட்டத்தின் ஓரத்தில் வெட்டிய நீள்பள்ளத்துக்குள்) தளர்வாக உட்கார்ந்திருக்க வேண்டும். சுருங்கிய பலகையின் ஓரத்தில் நிறம் மாறிய மெல்லிய கோடு தெரிந்தால் நல்ல அறிகுறி. செதுக்கிய வடிவம் சட்டத்துக்கு அடியில் பாதியில் அறுபட்டு நின்றால், அது வேறு எதற்கோ செய்த பலகை. பழைய சுவர்ப்பலகை, கட்டில் தலைப்பலகை ஆகியவற்றைக் கொண்டு கூட்டிய பெட்டிகள் ஏராளம்.

கீல்களை விரைவாகப் பார்த்தால் போதும். ஒன்றோடொன்று கோத்த இரண்டு கம்பி வளையங்கள் பழைய முறைகளில் ஒன்று. அவை அறுந்து மாற்றப்படுவது சாதாரணம், குறையாகாது. பழைய துளைகளைச் சுற்றிக் கறுத்திருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். இரும்பும் ஓக்கின் துவர்ப்பும் சேர்ந்தால் நீலக்கறுப்பாகக் கறை படியும். அது ஆண்டுகள் செல்லச் செல்ல மரத்துக்குள் ஊறும்.

இப்போது செதுக்கலுக்கு வரலாம். அந்தக் காலத்தவர் கவராயம் வைத்து அரைவட்டம் போட்டு, வளைவாய் உளியால் வெட்டி, சுற்றியுள்ள பின்னணித் தளத்தைச் சில மில்லிமீட்டர் தாழ்த்தி, பல்முனைக் குத்துளியால் புள்ளி புள்ளியாக அடித்தார்கள். அரைவட்டத்தின் மையத்தில் கவராய முள் குத்திய சிறு புள்ளியைத் தேடுங்கள். பல பெட்டிகளில் இன்னும் இருக்கும். வடிவத்தின் மேடான பகுதி சட்டத்தின் பழைய மேற்பரப்பே என்பதால், கை பட்டுப் பட்டு மழுங்கியிருக்க வேண்டும்.

மிக உறுதியான சாட்சி மரவண்டு. அது மரத்துக்குள் நெடுகக் குடைந்து, 1.5 முதல் 2 மில்லிமீட்டர் வட்டத் துளையாக வெளியே வரும். செதுக்கிய பள்ளத்தில் துளை மட்டும் தெரிந்தால் சரி. நீளமான பாதை வாய்க்கால் போலத் திறந்து கிடந்தால், வண்டு அரித்த பிறகு உளி பட்டிருக்கிறது என்று பொருள். மேற்பரப்பைச் சுரண்டியிருந்தாலும் அப்படித் தெரியலாம் என்பதால், பக்கத்துச் சமதளத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பொறித்திருக்கும் ஆண்டையும் பெயரெழுத்துகளையும் இதே சோதனைக்கு உட்படுத்துங்கள்.

வாங்கிய பின் பலகை ஆடுகிறதே என்று காடியில் பசை ஊற்றாதீர்கள். அடுத்த வறட்சியில் சுருங்க இடமின்றிப் பலகை நடுவில் பிளந்துவிடும். கழன்ற கழுந்துக்கு உருளை ஆணி அடிக்காமல், ஓக்கைப் பிளந்து சீவிய புதிய மர ஆணியை அதே துளையில் இறக்குங்கள். காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்கவே கூடாது; மரம் கறுக்கும், நூற்றாண்டுகளாகப் படிந்த மெருகும் போய்விடும். பள்ளங்களில் தூசியை மென்மையான தூரிகையால் தட்டி எடுங்கள். சிவப்போ வேறு நிறமோ ஒட்டியிருந்தால் தொடாமல் விடுங்கள். அந்தக் காலத்துச் செதுக்கு வேலைகள் பலவற்றுக்கு வண்ணம் தீட்டியிருந்தார்கள், மிஞ்சியிருப்பது அந்தத் துகள்கள்தான்.