பெரியவர்களுக்கு மாயக்கதை தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வாசகர் வட்டத்துக்குச் சென்ற மாதம் புதிதாக ஓர் அம்மையார் வந்திருந்தார். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். சிறுவயதில் அம்புலிமாமாவில் படித்த வேதாளக் கதைகளின் ருசி இன்னும் விட்டுப்போகவில்லை என்றும், இந்த வயதுக்கு ஏற்றாற்போல் அவ்வகையில் ஏதாவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருப்பதாகவும் சொல்லிவிட்டு, ஆயிரத்தொரு இரவுகளின் தடித்த ஆங்கிலப் பதிப்பு ஒன்றைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். பொன் பூசிய விளிம்பு, தோல் போன்ற அட்டை, பக்கம் குறிக்கப் பட்டு நாடா. நாற்பது பக்கத்தோடு நிறுத்திவிட்டாராம். "குழந்தைகளுக்குத்தான் சரிப்படும் போலிருக்கிறது" என்றார். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒருசேர வந்தன. ஏனென்றால் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஏறக்குறைய இதே போன்ற புத்தகத்தை வாங்கி, ஏறக்குறைய இதே சொற்களைச் சொல்லி, இந்த வகை எழுத்தையே சில காலம் ஒதுக்கி வைத்தவன் நான்.

அட்டைப்படத்தை நம்பக் கூடாது, விலையை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பனவற்றை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஓரளவு படித்துப் பழகியவர்களும் சறுக்கும் இடங்களை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

எந்தப் பதிப்பு என்று பாராமல் வாங்குவது

தற்கால நாவல் ஒன்றைத் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் சொல்லிக் கேட்டால் அந்த நூல்தான் கைக்கு வரும். பழங்கதைத் தொகுப்புகளின் நிலைமை வேறு. 'ஆயிரத்தொரு இரவுகள்' என்ற ஒரே தலைப்பின் கீழ், பாதிக் கதைகள்கூட ஒத்துப்போகாத பல நூல்கள் விற்கப்படுகின்றன. அந்துவான் கலான் 1704 முதல் பிரெஞ்சில் வெளியிட்ட தொகுதிகள் ஒன்று. எட்வர்டு லேன் 1838-இல் ஆங்கிலத்தில் வெளியிடத் தொடங்கி, கூசத்தக்கவை என்று தமக்குப் பட்டவற்றையும் கவிதைகளில் பெரும்பகுதியையும் நீக்கிவிட்ட பதிப்பு மற்றொன்று. எதையும் நீக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்த ரிச்சர்டு பர்ட்டன், 1885-இல் சந்தாதாரர்களுக்கு மட்டும் அச்சிட்டுக் கொடுத்த, கரடுமுரடான பழைய ஆங்கிலத்தில் அமைந்த பத்துத் தொகுதிகள் இன்னொன்று. சிரியாவில் எழுதப்பட்ட பழைய கையெழுத்துப் பிரதியை ஆராய்ந்து முஹ்சின் மஹ்தி 1984-இல் பதிப்பித்த அரபு மூலத்தைக் கொண்டு, ஹுசைன் ஹத்தாவி 1990-இல் செய்த மொழிபெயர்ப்பு வேறு. அதில் முந்நூறுக்கும் குறைவான இரவுகளே உண்டு. அலாவுதீனும் இல்லை, அலிபாபாவும் இல்லை.

ஏன் இல்லை என்றால், அவ்விரு கதைகளையும் அலெப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாப் என்பவர் 1709-இல் பாரிசில் வாய்மொழியாகச் சொல்லக் கேட்டுக் கலான் தம் நூலில் சேர்த்துக்கொண்டார். பழைய பிரதியில் அவை கிடையா. இது தெரியாத நண்பர் ஒருவர், அலாவுதீன் இல்லாத புத்தகத்தைத் தம் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் சண்டை போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக வண்ணப்படங்கள் நிறைந்த சிறுவர் பதிப்பை வாங்கி வந்தார். இன்றுவரை அவர் தவறை ஒப்புக்கொள்ளவில்லை.

நான் வாங்கியது அதைவிட மோசம். புத்தகக் கண்காட்சியில், அம்மாதச் சம்பளத்தில் கணிசமான பகுதியைக் கொடுத்து, 'முழுமையானது' என்று பொன்னெழுத்தில் பொறித்திருந்த நூலை வாங்கினேன். அதன் முதல் பக்கத்தில் அரசனுக்கு ஏதோ மனவருத்தம் என்று மட்டும் இருந்தது. மனைவி வேறொருவனோடு கூடியிருப்பதைக் கண்டு மனம் முறிந்தவன், அதன்பின் ஒவ்வோர் இரவும் ஒருத்தியை மணந்து விடியற்காலையில் கொன்றான் என்பதுதான் கதையின் அடித்தளம். அதை எடுத்துவிட்டால் அவனை மணந்த ஷஹ்ரசாத் எதற்காகக் கதை சொல்கிறாள்? உயிருக்காக ஒருத்தி பேசிக்கொண்டே இருக்கும் நூல், தூக்கம் வராத ராஜாவுக்குச் சொன்ன பொழுதுபோக்குக் கதைகளாகச் சுருங்கிவிடுகிறது. அதைப் படித்துவிட்டுச் 'சின்னப்பிள்ளைத்தனம்' என்று நான் சொன்னதில் வியப்பில்லை; என்னிடம் இருந்தது சின்னப்பிள்ளைகளுக்காக வெட்டப்பட்ட நூல். செலவான பணத்தைக்கூட மறந்துவிட்டேன். மூலத்தைப் படித்துவிட்டதாக நம்பிக்கொண்டு கழித்த ஆண்டுகளை நினைத்தால்தான் இப்போதும் ஆற்றாமையாக இருக்கிறது.

கிரிம் சகோதரர்களின் தொகுப்பும் இப்படித்தான். 1812-இல் வந்த முதற்பதிப்பின் முதல் தொகுதியில், கோபுரத்தில் அடைபட்ட ராபன்ஸெல் தன்னை வளர்த்தவளிடம், உடைகள் ஏன் இப்படி இறுகிக்கொண்டே போகின்றன, இப்போதெல்லாம் பொருந்துவதே இல்லையே என்று வெள்ளந்தியாகக் கேட்கிறாள். அரசகுமாரன் வந்துபோனதும் அவள் வயிற்றில் பிள்ளை வளர்வதும் அந்த ஒரு கேள்வியில் வெளிப்பட்டுவிடுகின்றன. பிற்காலப் பதிப்புகளில் அதே பெண், தன் கூந்தலைப் பிடித்து ஏறிவரும் வளர்த்தவளிடம், அரசகுமாரனைவிட உன்னை மேலே இழுப்பது ஏன் இவ்வளவு கனமாக இருக்கிறது என்று கேட்கிறாள். முதல் கேள்வியைக் கேட்பவள் உலகம் அறியாதவள்; இரண்டாவதைக் கேட்பவள் வெறும் அசடு. அதேபோல, 1812-இல் ஸ்னோ ஒயிட்டைக் கொல்ல ஆள் அனுப்புபவள் பெற்ற தாயே. 1819-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அவள் மாற்றாந்தாய் ஆக்கப்பட்டாள். பெற்ற மகளின் அழகைக் கண்டு பொறுக்காத தாய் என்பது பெரியவர்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய பொருள். நம் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது 1857-இல் வந்த இறுதிப் பதிப்பை ஒட்டியது, அல்லது அதையும் சுருக்கியது. முதற்பதிப்பின் 156 கதைகளையும் ஜாக் ஸைப்ஸ் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 2014-இல் வெளியிட்டார். இறுதிப் பதிப்பு மட்டம் என்று நான் சொல்லவில்லை. அதுவும் அச்சகோதரர்கள் தாமே திருத்திய நூல்தான். எதைப் படிக்கிறோம் என்று தெரிந்து படிக்க வேண்டும், அவ்வளவே.

ஆகவே பணம் கொடுக்கும் முன் அட்டையைத் தள்ளிவிட்டுப் பதிப்புரிமைப் பக்கத்தைப் படியுங்கள். மொழிபெயர்ப்பாளர் பெயர் இருக்கிறதா, எந்த மூலத்திலிருந்து எந்த ஆண்டில் மொழிபெயர்த்தார் என்ற குறிப்பு உண்டா, 'சுருக்கம்', 'மறுகூறல்' ஆகிய சொற்கள் பொடி எழுத்தில் எங்காவது ஒளிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பொன் விளிம்புப் புத்தகங்கள் பல, பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய மொழிபெயர்ப்புகளின் மறு அச்சுகள். அவற்றில் சில மொழிபெயர்த்தவர் பெயரைக்கூடப் போடுவதில்லை. கிரிம் தொகுப்பு என்றால் ராபன்ஸெல் கதையைத் திருப்பி, அவள் என்ன கேட்கிறாள் என்று நின்ற இடத்திலேயே படித்துவிடலாம். ஒரு நிமிடம் ஆகும்.

சிறுவர் அலமாரியை எட்டிப் பார்க்க மறுப்பது

உர்சுலா லெ குவின் 1968-இல் தொடங்கிய எர்த்ஸீ நாவல் வரிசையை நம் கடைகள் பெரும்பாலும் சிறுவர் பகுதியில் அடுக்கிவிடுகின்றன. 1990-இல் வெளிவந்த அதன் நான்காம் நாவலின் மையப் பாத்திரம், கணவனை இழந்த நடுவயதுப் பெண். தீயில் கருகிய ஒரு சிறுமியைத் தன் வீட்டில் வைத்து வளர்ப்பவள். வீட்டுவேலை, ஆற்றலை இழந்து திரும்பும் ஆண்களின் குமுறல், பிறர் பார்க்கக் கூசும் முகத்தோடு வாழும் குழந்தை ஆகியவற்றைப் பற்றிய அந்நாவலைப் பன்னிரண்டு வயதில் படித்தால் பாதிதான் பிடிபடும்.

மாயக்கதை கேட்டவருக்குப் போர்க்காவியம் கொடுப்பது

முதல் பக்கத்தில் வரைபடம், கடைசியில் வம்சாவளி, நடுவே ஆயிரம் பக்கப் படையெடுப்பு என்று அமைந்த நாவல்களைக் குறைசொல்ல மாட்டேன். அவற்றை இரவெல்லாம் விழித்துப் படித்திருக்கிறேன். ஆனால் வேதாளக் கதையின் ருசியைத் தேடி வந்தவருக்கு வேண்டியது ஒரு பேரம், ஒரு விடுகதை, மீறக் கூடாத ஒரு நிபந்தனை. பழைய தேவதைக் கதையை எடுத்து விரித்து எழுதிய நாவல்களை இவர்களுக்குக் கொடுக்க வேண்டும். அந்த அம்மையாருக்கு நான் கொடுத்தது, வைக்கோலைப் பொன்னாக நூற்கும் ரம்பிள்ஸ்டில்ட்ஸ்கின் கதையிலிருந்து நவோமி நோவிக் உருவாக்கி 2018-இல் வெளியிட்ட நாவல். கொடுத்த கடனைக் கேட்டு வாங்கத் தெரியாத யூத வட்டிக்காரரின் மகள், தானே கணக்கேட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் வசூலிக்கிறாள். வெள்ளியைப் பொன்னாக்குவேன் என்று அவள் வாய்தவறிப் பெருமை பேசியது பனிநிலத்து அரசன் காதில் விழுந்துவிடுகிறது. வசூல் பகுதிகளில் பிழையே இல்லை என்று மறுவாரம் தொலைபேசியில் சொன்னார். பொழுதுபோக்காக ஒன்று கொடுங்கள் என்று கேட்பவருக்கு எடுத்த எடுப்பில் எண்ணூறு பக்கத்தை நீட்டாதீர்கள். சுசன்னா கிளார்க் எழுதிய இரு நாவல்களில் 2004-இல் வந்தது தலையணை. 2020-இல் வந்தது ஒரு வார இறுதியில் முடியும். மெலிந்ததை முதலில் கொடுத்தால் தடித்ததை அவர்களே கேட்டு வருவார்கள்.

விருதுப் பட்டியலை மட்டும் நம்புவது

பட்டியல்கள் அந்தந்த ஆண்டின் புதுவரவுகளையே பேசும். 1926-இல் அச்சான நாவலை அவை உங்களுக்குச் சொல்லா.

தொடரின் நடுவில் நுழைவது

வேண்டாம்.

தமிழில் இல்லை என்று முடிவுகட்டுவது

பெரியவர்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரித்த கதைகளைக் கி. ராஜநாராயணன் திரட்டி, 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று தலைப்பிலேயே எழுதி வைத்துவிட்டார். புதுமைப்பித்தனின் கந்தசாமிப் பிள்ளை, பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் சந்தியில் கடவுளைச் சந்தித்து, காப்பி குடிக்க அழைத்துப் போய், தம் பத்திரிகைக்கு ஆயுள் சந்தாவும் வாங்கிவிடுகிறார். வெளிநாட்டு நாவல்களுக்கு ஆளாய்ப் பறக்கும் வாசகர்கள் பலர் இவற்றைப் பள்ளிப் பாடமாகவோ நாட்டார் ஆய்வாகவோ எண்ணித் தாண்டிப் போகிறார்கள். விக்கிரமாதித்தன் கதைகளையும் மதனகாமராஜன் கதையையும் வாங்கும்போது மேலே சொன்ன பதிப்புரிமைப் பக்கச் சோதனையைத் தளர்த்தாதீர்கள். சிறுவர்களுக்காகக் கத்தரித்த பதிப்புகள் இங்கும் ஏராளம்.

எழுத்தின் அளவு

ஐம்பதைக் கடந்தவர்கள், கடை வெளிச்சத்தில் அல்லாமல் வாசலுக்கு வந்து, நடுவில் ஒரு முழுப் பக்கத்தைப் படித்துப் பார்த்தபின் வாங்கவும்.