வேலை வழக்கில் தோற்றபின் முதலாளி செலவுத்தொகை கேட்டால்

இங்கிலாந்தின் சிவில் நீதிமன்றங்களில் தோற்றவர்தான் வென்றவரின் வக்கீல் செலவையும் கொடுப்பது வழக்கம். வேலைவாய்ப்புத் தீர்ப்பாயத்தில் அப்படியில்லை. அவரவர் செலவு அவரவருக்கு. தோற்றுவிட்டீர்கள் என்பதற்காக மட்டும் உங்கள் மீது செலவு உத்தரவு போட முடியாது. முதலாளியின் வக்கீல் பெரிய தொகையைக் குறிப்பிட்டுக் கடிதம் அனுப்பியதுமே, நல்ல வழக்கைக்கூடக் கைவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது நடக்கக் கூடாது.

முதலில் தேதியைப் பாருங்கள். இறுதித் தீர்ப்பு அனுப்பப்பட்ட 28 நாளுக்குள் முதலாளி செலவு கேட்டு விண்ணப்பம் போட்டிருக்க வேண்டும். தாமதமென்றால் அதையே முதல் ஆட்சேபமாக எழுதுங்கள்.

அடுத்தது, செலவு கேட்க அவர் சொல்லும் காரணம். வழக்கை நியாயமற்ற முறையிலோ தொல்லை கொடுக்கவோ நடத்தியது, வெல்ல நியாயமான வாய்ப்பே இல்லாதது, உத்தரவை மீறியது, விசாரணைக்கு 7 நாள்கூட இல்லாதபோது வாய்தா கேட்டது ஆகியவை முக்கியமானவை. இவற்றில் ஒன்று நிரூபணமானாலும் விஷயம் முடிந்துவிடாது. உத்தரவு போடலாமா, போட்டால் எவ்வளவு என்று நீதிபதி தனித்தனியே யோசிக்க வேண்டும். பலர் காரணத்தை மட்டும் மறுத்துவிட்டு மற்ற இரண்டையும் மறந்துவிடுகிறார்கள். எது தவறு, அதனால் எதிர்த்தரப்புக்கு என்ன செலவு கூடியது என்று முழுப் படத்தையும் பார்க்க வேண்டும் என 2011-இல் பார்ன்ஸ்லி மாநகரசபை வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. வக்கீல் இல்லாமல் வாதாடியிருந்தால் அதையும் எழுதுங்கள். வக்கீலுக்குரிய அளவுகோலால் உங்களை அளக்கக் கூடாது.

பெரும்பாலும் சறுக்குவது வைப்புத்தொகையில். வாதம் பலவீனமானது என்று நீதிபதி கருதினால், அதைத் தொடர்வதற்கு ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் 1,000 பவுண்டு வரை வைப்புத்தொகை கட்டச் சொல்லலாம். கட்டித் தொடர்ந்து, பெரும்பாலும் அவர் சொன்ன அதே காரணத்தால் தோற்றால், நியாயமற்று நடந்ததாகவே கொள்வார்கள். மறுத்து நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. சமரசத் தொகையை மறுக்கும்போதும் ஏன் மறுக்கிறீர்கள் என்று அன்றே எழுதி அனுப்புங்கள். மறுத்தது தவறல்ல, காரணமின்றி மறுத்ததுதான் பின்னால் உதைக்கும்.

தொகைக்கு வருவோம். விரிவான கணக்காய்வு, அதாவது செலவுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது, இல்லாமலே 20,000 பவுண்டு வரை உத்தரவிடலாம். எத்தனை மணி நேரம், என்ன கட்டணம், எந்த வேலை என்று பிரித்துக் கேளுங்கள். உங்கள் வசதியை நீதிபதி கணக்கில் எடுக்கலாம், கட்டாயமில்லை. ஆகவே சம்பளச் சீட்டு, வாடகை, கடன், வங்கிக் கணக்கு விவரங்களை நீங்களே கொடுங்கள். இன்று கையில் காசில்லை என்பது மட்டும் போதாது. இனி சம்பாதிக்கும் வாய்ப்பையும் பார்ப்பார்கள்.

முதலாளி வழக்கை நியாயமற்று நடத்தினால் நீங்களும் செலவு கேட்கலாம். வக்கீல் வைக்காதவருக்குத் தயாரிப்பு நேரத்துக்கான தொகை உண்டு: 2025 ஏப்ரல் முதல் மணிக்கு 45 பவுண்டு, ஆண்டுதோறும் ஏப்ரல் 6-இல் 1 பவுண்டு கூடும். இறுதி விசாரணையில் உட்கார்ந்த நேரம் சேராது. அதனால் முதல் நாளிலிருந்தே தேதி, வேலை, நேரம் மூன்றையும் குறித்து வையுங்கள்.