ஐஸ் பக்கெட்டை ஒதுக்கி வையுங்கள்: நுண்குழல்களுக்குச் சாயமேற்றும் முறை

செல்லுக்குள் சட்டகம் போல ஓடும் நுண்குழல்களை (மைக்ரோடியூபுல்) பார்க்க முயன்றபோது, முதல் மூன்று மாதம் எனக்கு மைக்ரோஸ்கோப்பில் தெரிந்தது வெறும் பச்சை மூட்டம்தான். குழலைத் தேடி ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியைத் திட்டிக்கொண்டிருந்தேன். கோளாறு ஐஸ் பக்கெட்டில் இருந்தது. சுத்தமாக இருக்கட்டும் என்று, செல்களை நிலைப்படுத்துவதற்கு (இருக்கிற நிலையிலேயே ரசாயனத்தால் நிறுத்திவைப்பதற்கு) முன்னால் ஐஸில் வைத்த பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் சாவகாசமாகக் கழுவிக்கொண்டிருப்பேன். அதற்குள் பாதிக் குழல்கள் உதிர்ந்து, அவற்றின் கட்டுமானப் புரதமான டியூபுலினாகப் போயிருக்கும்.

நுண்குழலின் பருமன் சுமார் 25 நானோமீட்டர். ஆல்ஃபா, பீட்டா டியூபுலின் ஜோடிகள் கோத்த இழைகள், பெரும்பாலும் 13, பக்கம் பக்கமாக ஒட்டி நின்றால் ஒரு குழல். வளர்ந்துகொண்டே இருப்பது திடீரென்று சரியும், மறுபடி வளரும். மிட்சிசன், கிர்ஷ்னர் என்ற செல் உயிரியலாளர்கள் 1984இல் காட்டிய குணம் இது. குளிரும் ஆகாது, கால்சியமும் ஆகாது. 1972இல் வைசன்பெர்க் என்ற ஆய்வாளர் சோதனைக் குழாயில் இவற்றை வளர்க்க முடிந்ததற்கே, கால்சியத்தைப் பிடித்து வைக்கும் ஈஜிடிஏ சேர்த்ததுதான் காரணம்.

ஆகவே, கழுவாதீர்கள். கழுவியே தீர வேண்டுமென்றால் 80 மில்லிமோலார் பைப்ஸ் (பிஹெச்சை நிலையாக வைக்கும் பஃபர்), பிஹெச் 6.8, தலா 1 மில்லிமோலார் ஈஜிடிஏ, மெக்னீசியம் குளோரைடு. இந்தக் கரைசலை 37 டிகிரிக்குச் சூடாக்கி ஒரே ஒரு தடவை.

மெத்தனாலை முந்தின நாளே மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரில் வையுங்கள். இன்குபேட்டரிலிருந்து டிஷ்ஷை எடுத்ததும், செல்கள் ஒட்டி வளர்ந்திருக்கும் மெல்லிய கண்ணாடித் துண்டான கவர்ஸ்லிப்பை இடுக்கியால் தூக்கி, ஓரத்தை டிஷ்யூ தாளில் ஒரு தொடு தொட்டு, அப்படியே மெத்தனாலில் இறக்குங்கள். இன்குபேட்டருக்கும் மெத்தனாலுக்கும் நடுவே ஐந்து விநாடிக்கு மேல் போகக் கூடாது. குளிர் ஆகாது என்றுவிட்டு மைனஸ் 20ஆ என்று கேட்பீர்கள். குளிரில் குழல் உதிர நிமிடக்கணக்கில் ஆகும். மெத்தனாலோ நீரை உறிஞ்சிப் புரதத்தை அந்தக் கணமே திரண்டு கெட்டியாக வைத்துவிடும். ஐந்து நிமிடம் போதும். மெத்தனால் விஷம், ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் ஹூடுக்குள் வேலை செய்யுங்கள்.

அப்புறம் வழக்கமான வேலைதான். பிபிஎஸ்ஸில் மூன்று தடவை (இனி எவ்வளவு கழுவினாலும் பரவாயில்லை), ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் தடுக்கும் 3 சதவீத பிஎஸ்ஏ புரதக் கரைசலில் அரை மணி, டியூபுலினைப் பிடிக்கும் டிஎம்1ஏ ஆன்டிபாடி 500க்கு 1 என்ற அளவில் ஒரு மணி, அதன்மேல் ஒட்டிப் பச்சையாக ஒளிரும் இரண்டாம் ஆன்டிபாடி, நியூக்ளியஸைக் காட்டும் டாப்பி சாயம். மெத்தனாலே செல்சவ்வைத் திறந்துவிடுவதால், அதற்கென்று வழக்கமாகச் சேர்க்கும் ட்ரைட்டான் என்ற சோப்பு வேண்டாம். ஒரு குறை உண்டு: செல் சுருங்கித் தட்டையாகிவிடும். உயரம் அளக்க வேண்டியவர்கள் மெத்தனாலுக்குப் பதிலாக, நிலைப்படுத்தும் இன்னொரு ரசாயனமான சூடான குளுட்டரால்டிஹைடு பக்கம் போகலாம். அதன் பின்னணி ஒளிர்வோடு மல்லுக்கட்டப் பொறுமை வேண்டும், எனக்கு அது இல்லை.

சரியாக வந்திருந்தால், நியூக்ளியஸை ஒட்டிய ஒரு புள்ளியிலிருந்து தலைமயிர் போல இழைகள் பிரிந்து செல்லின் விளிம்புவரை ஓடும். ஒவ்வொரு தடவையும் ஒரு கவர்ஸ்லிப்பை வேண்டுமென்றே அரை மணி ஐஸில் வைத்துவிட்டு நிலைப்படுத்துங்கள். என் பழைய பச்சை மூட்டம் அதில் தெரியும். இன்னொன்றை ஐஸிலிருந்து எடுத்து 37 டிகிரி மீடியத்தில் ஓரிரு நிமிடம் வைத்துப் பாருங்கள். அதே புள்ளியிலிருந்து சின்ன நட்சத்திரம் ஒன்று முளைத்திருக்கும்.